ஷெல் ஃபங்ஷன் 9%-ஐப் பிடித்துக்கொண்டு 100%-ஐ விட்டுவிடுவது ஏன்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது "என் ஆக் (awk) வரியில் எங்கே தப்பு" என்பதுதான். விவரத்தைப் படித்தால் உள்ளே நாலு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. பேஷ் என்ற ஷெல்லில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறீர்கள். அது, வட்டின் பகுதிகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளையின் வெளியீட்டை, வரிகளைப் பிரித்துப் படிக்கும் ஆக்குக்குப் பைப் செய்து (நேராக அனுப்பி), ஐந்தாவது ஃபீல்டு (நிரம்பிய சதவீதம் இருக்கும் நெடுவரிசை) 80-க்கு மேல் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, ஒரு வைல் லூப்பில் படித்து எண்ணுகிறது. முதல் புகார், வெறும் 9% நிரம்பிய பகுதி பட்டியலில் வருகிறது, முழுசாக நிரம்பி 100% காட்டுவது வரவில்லை, போதாக்குறைக்குத் தலைப்பு வரியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது, லூப்புக்குள் எண்ணிக்கை ஏறுகிறது, வெளியே வந்ததும் 0. மூன்றாவது, வெளியீட்டை ஒரு வேரியபிளில் வாங்கி எக்கோ கட்டளையால் அச்சடித்தால் எல்லாம் ஒரே வரியாக ஓடுகிறது. நான்காவது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் எதுவுமே வருவதில்லை. "டெர்மினலில் டிஎஃப் அடித்தால் எல்லாம் சரியாகத்தானே தெரிகிறது" என்று முடித்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவது ஃபங்ஷனுக்குள் போனதும் ஏன் வேறாக நடந்துகொள்கிறது?

சர்வர் பராமரிப்பு வேலையில் இந்த மாதிரி ஃபங்ஷன்களைப் பல வருஷமாக எழுதியும் மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் பார்த்தும் வருகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்தே முதல் மூன்றுக்கும் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். நான்காவதில் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் கிரான் வரியை நீங்கள் போடவில்லை. அங்கே இருக்கக்கூடிய காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன், எது உங்களுடையது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

9% விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் ஆபத்தானது. ஆக்கில் "இது எண், இது எழுத்துச் சரம்" என்று முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் கிடையாது. உள்ளே வரும் ஃபீல்டு முழுக்க முழுக்க எண்ணாகத் தெரிந்தால் எண்ணாக ஒப்பிடும். வேறு ஏதாவது ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு, சரமாகத்தான் ஒப்பிடும். டிஎஃப் தருவது 9 அல்ல, 9%. ஆகவே $5 > 80 என்று நீங்கள் எழுதியது "9%" என்ற சரம் "80" என்ற சரத்துக்கு அகராதி வரிசையில் பின்னால் வருகிறதா என்ற கேள்வியாக மாறிவிட்டது. முதல் எழுத்து 9, அது 8-க்குப் பின்னால் வருகிறது, மேலே பார்க்கவே வேண்டாம், வரி தேறிவிட்டது. "100%" என்பதில் முதல் எழுத்து 1, அது 8-க்கு முன்னால், அதனால் கழிந்துவிட்டது. தலைப்பு வரியில் ஐந்தாவது ஃபீல்டு "யூஸ்%" என்ற ஆங்கிலச் சொல். எழுத்துகள் இலக்கங்களுக்குப் பின்னால் வருபவை, அதனால் தலைப்பு எப்போதும் தேறும். இன்னும் கொஞ்சம் நோண்டினால் வேடிக்கையாக இருக்கும்: 8% தேறாது, ஏனென்றால் பைட் மதிப்பில் % குறி 0-க்கு முன்னால் வருகிறது, ஆனால் சரியாக 80% இருக்கும் பகுதி தேறிவிடும், ஏனென்றால் "80%" என்பது "80"-ஐ விட ஓர் எழுத்து நீளம். 81 முதல் 99 வரை எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். இதனால்தான் இந்தத் தப்பு பரிசோதனையில் சிக்குவதே இல்லை. எழுதியவர் தன் கணினியில் 85% இருப்பதை வைத்துச் சோதிப்பார், வரும், சரி என்று விட்டுவிடுவார். உண்மையாகவே வட்டு நிரம்பி 100% ஆகும் அன்றைக்குத்தான் ஃபங்ஷன் வாயை மூடிக்கொள்ளும்.

தீர்வு மூன்று எழுத்துக்கூட இல்லை: $5+0 > 80. பூஜ்யத்தைக் கூட்டச் சொன்னால் ஆக் அந்தச் சரத்தின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். "100%" 100 ஆகிறது, தலைப்புச் சொல் 0 ஆகித் தானாகக் கழிந்துவிடுகிறது. இதே குழி ஷெல்லிலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சதுர அடைப்புக்குள் > போட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல, ரீடைரக்ஷன், அதாவது வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுவது. ஒவ்வொரு முறையும் உண்மை என்று திரும்பும், கூடவே நடப்பு டைரக்டரியில் "80" என்ற பெயரில் ஒரு காலி ஃபைலை உருவாக்கி வைக்கும். யாராவது ஒருவருடைய ஹோம் டைரக்டரியில் இப்படி எண் பெயரில் காலி ஃபைல் கிடந்தால் அவர் ஸ்கிரிப்ட்டில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் > போட்டால் மறுபடி அகராதி வரிசைதான். எண்ணை ஒப்பிட -ஜிடி, அல்லது இரட்டை வட்ட அடைப்பு.

அடுத்தது எண்ணிக்கை 0 ஆவது. பேஷ் ஒரு பைப்லைனின் ஒவ்வொரு பகுதியையும் தனி சப்ஷெல்லில், அதாவது நடப்பு ஷெல்லின் நகலில், ஓட்டுகிறது. பைப்பின் வலது பக்கத்தில் இருக்கும் உங்கள் வைல் லூப் ஒரு குழந்தை ப்ராசஸில் ஓடுகிறது. அங்கே வேரியபிள் ஏறுவது உண்மைதான், ஆனால் அது பிரதி. லூப் முடிந்ததும் அந்த ப்ராசஸ் போய்விடும், பிரதியும் போய்விடும், உங்கள் ஃபங்ஷனில் இருக்கும் அசல் தொடப்படாமல் 0-வாகவே இருக்கும். "என்னிடம் இதே கோடு வேலை செய்கிறதே" என்று ஒருவர் உங்களுக்குப் பதில் போட்டிருந்தார் அல்லவா, அவர் பொய் சொல்லவில்லை. இசட் ஷெல்லும் கார்ன் ஷெல்லும் பைப்பின் கடைசிப் பகுதியை நடப்பு ஷெல்லிலேயே ஓட்டும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இசட் ஷெல்தான் இயல்பு ஷெல், அவர் அங்கே ஓட்டியிருந்தால் எண்ணிக்கை சரியாகவே வந்திருக்கும். பேஷிலும் 2011-இல் வந்த 4.2 பதிப்பில் லாஸ்ட்பைப் என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தார்கள், ஆனால் ஜாப் கன்ட்ரோல் அணைந்திருக்கும்போதுதான் அது வேலை செய்யும், அதாவது ஸ்கிரிப்ட்டில் நடக்கும், நீங்கள் உட்கார்ந்து தட்டும் ப்ராம்ப்ட்டில் நடக்காது. அதை நம்பி எழுதாதீர்கள். லூப்பை முன்னால் வைத்து, அது முடியும் இடத்தில் < <( ) என்று ப்ராசஸ் சப்ஸ்டிட்யூஷனாக (கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைல் மாதிரி படிக்கக் கொடுப்பது) டிஎஃப்பையும் ஆக்கையும் ஊட்டினால் லூப் உங்கள் ஷெல்லிலேயே ஓடும். இரண்டு < குறிகளுக்கும் நடுவில் இடைவெளி கட்டாயம். ஆனால் உங்கள் வேலைக்கு லூப்பே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வரிகளைத் தேர்ந்தெடுப்பது ஆக், எண்ணுவதையும் அதனிடமே விட்டு, எல்லா வரியும் முடிந்தபின் ஓடும் எண்ட் (END) பகுதியில் அச்சடிக்கச் சொல்லுங்கள். பாதி வழியில் ஷெல்லிடம் கைமாற்றினால்தான் இந்தச் சிக்கல்களே வருகின்றன.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேரியபிளை இரட்டை மேற்கோள் இல்லாமல் எக்கோவுக்குக் கொடுத்தால் ஷெல் அதை ஸ்பேஸ், டேப், நியூலைன் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் உடைத்துத் தனித்தனிச் சொற்களாக்கும், எக்கோ அவற்றை ஒற்றை ஸ்பேஸ் போட்டுச் சேர்த்து அச்சடிக்கும். வேரியபிளுக்குள் நியூலைன்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, வெளியே எடுக்கும்போதுதான் தொலைகின்றன. மேற்கோள் போடுங்கள், எக்கோவுக்குப் பதில் பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். இன்னொரு விஷயம், மேற்கோள் இல்லாவிட்டால் வெளியீட்டில் எங்காவது தனியாக ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது நடப்பு டைரக்டரியின் ஃபைல் பெயர்களாக விரிந்துவிடும். கட்டளை வெளியீட்டை $( ) வழியாக வாங்கும்போது முடிவில் இருக்கும் நியூலைன்கள் எத்தனை இருந்தாலும் வெட்டப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும், வரிகளை எண்ணும்போது ஒன்று குறையும் மர்மம் பெரும்பாலும் அங்கேதான்.

சரி, இவை உங்கள் ஃபங்ஷனுக்கு. இதே மாதிரி இன்னும் நிறைய எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள், அதனால் தேடும் முறையையும் சொல்கிறேன். நான் பார்த்த வரை பெரும்பாலோர் ஆக் வரியையோ, எழுத்தை மாற்றும் செட் (sed) வரியையோ திரும்பத் திரும்ப மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள், உள்ளே வரும் எழுத்து என்ன என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. பைப்பை முதல் இணைப்பிலேயே அறுத்து, வெளியீட்டை ஒரு ஃபைலில் போட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டும் ஓடி (od) என்ற கட்டளையை -சி போட்டு ஓட்டிப் பாருங்கள், அல்லது கேட் (cat) கட்டளையை -விஇடி (-vET) போட்டு. டெர்மினல் உங்களிடம் மறைத்ததெல்லாம் வெளியே வரும். விண்டோஸ் வழியாக வந்த ஃபைலாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேரியேஜ் ரிட்டர்ன், அதாவது ^எம் என்று தெரிவது, ஒளிந்திருக்கும்; இரண்டு சரங்களும் பார்க்க அச்சாக ஒன்றாக இருந்தும் சமம் இல்லை என்று ஷெல் சொல்வதற்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். வரிகளைத் தேடும் கிரெப்புக்கு வண்ணம் எப்போதும் வேண்டும் என்று அலையாஸ் (மாற்றுப் பெயர்) போட்டிருந்தால் எண்ணுக்கு முன்னால் எஸ்கேப் குறிகள் ஒட்டியிருக்கும், அப்போது மேலே சொன்ன +0 கூட 0-தான் தரும். வண்ணத்தை ஆட்டோ என்று வைத்திருந்தால் பைப்பில் போகும்போது தானாக அணைந்துவிடும், பிரச்சினை இல்லை. முதல் இணைப்பு சுத்தமாக இருந்தால் இரண்டாவதுக்குப் போங்கள். எழுத்து எந்த இணைப்பில் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி.

"டெர்மினலில் சரியாக இருக்கிறது" என்பதை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. பல கட்டளைகள் தங்கள் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா பைப்புக்குப் போகிறதா என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் டெர்மினலில் பல நெடுவரிசையாகவும் பைப்பில் வரிக்கு ஒன்றாகவும் அச்சடிக்கும். 2016-இல் வந்த ஜிஎன்யூ கோர்யுட்டில்ஸ் (எல்எஸ், டிஎஃப் போன்றவை அடங்கிய தொகுப்பு) 8.25-இலிருந்து, ஸ்பேஸ் உள்ள பெயர்களை டெர்மினலில் மட்டும் ஒற்றை மேற்கோளுக்குள் காட்டும், பைப்பில் காட்டாது. மேற்கோளை நம்பி செட் வரி எழுதியவர்கள் இருக்கிறார்கள். டிஎஃப்பைப் பொறுத்தவரை -எச் என்பது மனிதர் படிக்க; ஃபங்ஷனுக்கு -பி (பெரிய எழுத்து P) போட்டு ஓட்டுங்கள், அது போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் வடிவம், ஒரு பகுதிக்கு ஒரே வரி என்பது உறுதி, ஃபீல்டுகளின் வரிசையும் உறுதி. கூடவே அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் முன்னால் எல்சி_ஆல்=சி என்று வைத்துவிட்டால் தலைப்பு வேறு மொழியில் வருவது, தசமப் புள்ளிக்குப் பதில் கமா வருவது போன்றவை ஒழியும். பொதுவாகவே, ஒரு கட்டளை இயந்திரம் படிப்பதற்கென்று தனி வடிவம் தருகிறதா என்று மேன் பக்கத்தில், அதாவது அதன் உதவிக் குறிப்பில், தேடிவிட்டு அப்புறம் ஆக்கைத் தொடுங்கள். கிட் ஸ்டேட்டஸுக்குப் போர்சலின், எல்எஸ்பிஎல்கேவுக்கு ஜேசன், பிஎஸ்ஸுக்கு -ஓ என்று வேண்டிய ஃபீல்டை மட்டும் கேட்கும் வழி, இவை எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன.

கையால் அடித்தால் ஓடி ஃபங்ஷனுக்குள் ஓடாத ஒரு வகை உண்டு, உங்கள் இரண்டாவது முயற்சியில் அதன் வாடை அடிக்கிறது. ஆக்கின் வரியை இரட்டை மேற்கோளில் போட்டால் உள்ளே இருக்கும் $1, $5 எல்லாவற்றையும் ஆக் பார்ப்பதற்கு முன்பே ஷெல் விரித்துவிடும். ப்ராம்ப்ட்டில் $1 காலியாக இருப்பதால் "முதல் ஃபீல்டை அச்சிடு" என்பது வெறும் "அச்சிடு" ஆகி முழு வரியும் வரும். ஃபங்ஷனுக்குள் $1 என்பது ஃபங்ஷனுக்குக் கொடுத்த முதல் ஆர்கியுமென்ட், ஆகவே முற்றிலும் வேறு ஏதோ வரும். ஒற்றை மேற்கோள் போடுங்கள், 80 என்ற வரம்பை வெளியிலிருந்து கொடுக்க விரும்பினால் ஆக்கின் -வி ஆப்ஷன் வழியாக அனுப்புங்கள். நீங்கள் திருத்திய ஃபங்ஷன்தான் உண்மையில் ஓடுகிறதா என்பதையும் டைப் கட்டளையை வைத்துப் பாருங்கள், அது ஷெல் நினைவில் இப்போது இருக்கும் வடிவத்தை அப்படியே காட்டும். ஃபைலைத் திருத்திவிட்டுச் சோர்ஸ் செய்ய (ஷெல்லில் மறுபடி ஏற்ற) மறந்துபோய்ப் பழையதையே ஓட்டிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். ஃபங்ஷனுக்கு டிஎஃப் என்றே பெயர் வைத்திருந்தால் அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் போகும். உள்ளே கமாண்ட் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் அசல் கட்டளை ஓடும்.

தோல்வியைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் ஒன்றே ஒன்று. லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் $( ) வெளியீட்டையும் வாங்கினால் $? காட்டுவது உள்ளே ஓடிய கட்டளையின் எக்ஸிட் கோடு (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) அல்ல, லோக்கலுடையது, அது 0. அறிவிப்பு ஒரு வரி, வாங்குவது அடுத்த வரி என்று பிரித்துவிடுங்கள். பைப்லைனின் எக்ஸிட் கோடும் கடைசிக் கட்டளையுடையதுதான். டிஎஃப் தோற்றாலும் ஆக் ஒழுங்காக முடிந்தால் 0 வரும். பைப்ஃபெயில் ஆப்ஷன் போட்டால் தெரியவரும், ஆனால் அதைப் போட்டபின் ஹெட் மாதிரி பாதியில் எழுந்து போகும் கட்டளைகளால் 141 என்று ஒரு கோடு வந்தால் பயப்பட வேண்டாம், 128-உடன், படிப்பவர் போய்விட்ட பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப் சிக்னலின் எண் 13-ஐக் கூட்டியதுதான் அது.

இனி கிரான், இங்கே நிச்சயம் குறைவு. என் முதல் ஊகம், ஃபங்ஷனே அங்கே இல்லை. கிரான் உங்கள் பேஷ்ஆர்சியை (பேஷ் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) படிக்காது, நீங்களே சோர்ஸ் செய்தாலும் பல டிஸ்ட்ரோக்களின் பேஷ்ஆர்சியில் மேலேயே "இன்டராக்டிவ் இல்லையென்றால் திரும்பிவிடு" என்று ஒரு வரி இருக்கும், உங்கள் ஃபங்ஷன் அதற்குக் கீழே இருந்தால் எட்டாது. ஃபங்ஷனைத் தனி ஃபைலில் வைப்பது நல்லது. இரண்டாவது, கிரான் இயல்பாக /பின்/எஸ்ஹெச் வழியாக ஓட்டும், உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10-இலிருந்து அது டேஷ் என்ற வேறொரு ஷெல். நான் மேலே சொன்ன < <( ) அங்கே நேரடி சின்டாக்ஸ் பிழை. மூன்றாவது, கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வேரியபிள் அங்கே மிகச் சுருக்கமாக இருக்கும். நான்காவது, உங்கள் கேள்வியில் % அடிக்கடி வருவதால் சொல்கிறேன்: கிரான்டேப் (கிரானின் பட்டியல்) வரிக்குள் % குறியை நேரடியாக எழுதினால் கிரான் அதை நியூலைன் என்று எடுத்துக்கொண்டு, முதல் %-க்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பிவிடும், உங்கள் கட்டளை பாதியில் அறுந்துபோகும். பின்சாய்வு போட வேண்டும், அல்லது முழுவதையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் வைத்து அதை மட்டும் கூப்பிட வேண்டும், இரண்டாவதே எனக்குப் பிடித்தது. எதுவானாலும் முதலில் வரியின் கடைசியில் ஒரு லாக் ஃபைலுக்கு ரீடைரக்ட் செய்து, அதன் பின்னால் 2>&1 சேருங்கள் (பிழைச் செய்தியும் அங்கேயே போக), வரிசை முக்கியம், முன்னால் போட்டால் பிழைச் செய்தி லாகுக்குப் போகாது. அந்த லாகைப் பார்த்தால் ஊகமே தேவைப்படாது.

பட்டியலில் உள்ள எல்லாச் சர்வர்களிலும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இதை ஓட்ட வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வைல் ரீட் லூப்புக்குள் எஸ்எஸ்எச் வைத்தால் முதல் சர்வரோடு லூப் நின்றுவிடும், ஏனென்றால் பட்டியலின் மீதி வரிகளை எஸ்எஸ்எச்சே தன் உள்ளீடு என்று விழுங்கிவிடும். அதற்கு -என் ஆப்ஷன் கொடுங்கள். ரீட் கட்டளைக்கும் -ஆர் சேருங்கள், இல்லாவிட்டால் பின்சாய்வுகள் காணாமல் போகும்.

ஷெல் ஸ்கிரிப்ட்டில் தப்புத் தேடும் ஷெல்செக் என்ற கருவியில் உங்கள் ஃபைலை ஒருமுறை ஓட்டுங்கள். மேற்கோள் விட்டதை 2086 என்றும், சப்ஷெல்லில் வேரியபிள் தொலைவதை 2030, 2031 என்றும், லோக்கல் எக்ஸிட் கோடை மறைப்பதை 2155 என்றும் எண் போட்டுச் சொல்லிவிடும். ஆனால் ஆக்கின் மேற்கோளுக்குள் இருக்கும் நிரலை அது படிக்காது, ஆகவே 9% பிரச்சினையை அது சொல்லியிருக்காது. $5+0 மாற்றியபிறகும் பட்டியல் தப்பாக வந்தால், டிஎஃப் -பி வெளியீட்டை ஓடி -சி வழியாக ஓட்டியதில் முதல் இரண்டு வரி, டைப் காட்டும் ஃபங்ஷனின் முழு வடிவம், கிரான்டேப்பின் அந்த ஒரு வரி, இந்த மூன்றையும் சர்வர் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.